டெனுசனின் இடது பக்கம்

மாலை ஆறு மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். பகல் பன்னிரண்டரைக்கும் அனோஜினி ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

லூயிஷாம் சந்தைக்குப் பின்னால், ஒரு பல்வைத்தியரின் மேல்மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். ஐரோப்பாவில் ஐஸ் ஹொக்கி ஆடும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடைபோட்டு, ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை வரிசைப்படுத்துவதுதான் அங்கே வேலை. ஜூன் கடைசியில் வட அமெரிக்கக் கழகங்கள் எல்லாம் கூடி, தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். டிராஃப்ட் என்பார்கள். அதற்கு மூன்று கிழமைக்கு முதல் இந்தப் பட்டியல் அவர்களின் கைக்குப் போய்விடும். ஏழு வருடமாக இதைச் செய்கிறாள். அவளுடைய எழுத்தைப் படித்துவிட்டு ஒரு கழகம் ஒரு பிள்ளையை எடுத்ததும் உண்டு, தொடாமல் விட்டதும் உண்டு.

திரையில் ஓடிக்கொண்டிருந்தவன் டெனுசன். டூட்டிங்கில் வளர்ந்து, பதினைந்து வயதில் ஸ்வீடனுக்குப் போய் ஆடுகிறவன். வலது பக்க முன்வரிசைக்காரன். ஜனவரியில் அவனை நாற்பத்து நான்காம் இடத்தில் வைத்தவள் அனோஜினிதான். அவனுடைய தகப்பன் கஸ்பரை அவளுக்குத் தெரியும்; வால்சிங்கம் மாதா கோயில் யாத்திரைக்கு வருடா வருடம் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். அதை அவள் தலைமை மதிப்பீட்டாளர் கோர்டனிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

காட்சி போன கிழமை நடந்த பயிற்சி ஆட்டம். இடது பக்கத்திலிருந்து பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, அவனுக்கு வருகிறது. நேராகத் தடியின் அடிக்கே வருகிறது, அவ்வளவு சுலபம். அவன் அதைத் தவறவிடுகிறான். அடுத்த கணம் இடது பக்கத்திலிருந்தே ஒருவன் வந்து மோத, டெனுசன் தூக்கியெறிந்த மூட்டைபோலப் போய் விழுகிறான்.

"பயந்துவிட்டான்," என்றார் கோர்டன், அவளுக்குப் பின்னால் நின்றபடி. கனடாக்காரர், ஆங்கிலத்தில் குரலை உயர்த்தாமல் பேசுவார். "ஏப்ரலில் முகத்தில் முழங்கை பட்டதே, அதன் பிறகு இவன் பழைய ஆள் இல்லை. தொண்ணூறுக்கு இறக்கு."

"பயமில்லை."

"பிறகு என்ன?"

"பயந்தவன் அடி விழ முதல் உடம்பைச் சுருக்குவான். இவன் சுருக்கவேயில்லை, பாருங்கள். மோதுகிற நிமிடம் வரைக்கும் ஆள் வருவது இவனுக்குத் தெரியாது." அவள் வேறு இரண்டு காட்சிகளைப் போட்டாள். இரண்டிலும் டெனுசன் இடது பக்கம் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்பினான். பிறகு மார்ச் மாதத்து ஆட்டம். அதில் கழுத்து அசையவேயில்லை. பக் தானாக வந்து தடியில் ஒட்டிக்கொண்டது. "இவனுக்கு இடது பக்கம் தெரியவில்லை, கோர்டன். கண்ணில் ஏதோ இருக்கிறது."

கோர்டன் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "நீ வைத்தியரா?"

"இல்லை."

"கண் என்று எழுதினால் ஒரு கழகமும் இவனைத் தொடாது. அது பிழையாக இருந்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நாங்களே முடித்தமாதிரி. எழுதாமல் நாற்பத்து நான்கில் விட்டால், கண்ணால் கண்டதை மறைத்தமாதிரி. தொண்ணூறு நியாயமான இடம்." அவர் கதிரையை இழுத்து இருந்தார். "உன்னுடைய ஆட்களின் பிள்ளை. அதனால்தான் உனக்குக் காரணம் தேடத் தோன்றுகிறது."

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தேடுகிறேனோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. திரும்பவும் ஓடவிட்டாள். மோதுகிறவனின் நிழல் பனியில் விழுகிறது, டெனுசனின் தோள் தளர்வாகவே இருக்கிறது. இல்லை. இது பயமில்லை.

படிக்கட்டுக்குப் போய் சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்தாள். பெயர் சொல்லவில்லை. முகத்தில் அடிபட்ட ஒருவருக்கு ஆறு கிழமை கழித்து ஒரு பக்கப் பார்வை குறைந்தால் என்ன என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கத்தில் பேசிய தாதி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சொன்னாள்: விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாளைக்கு இல்லை, இன்றைக்கு. அதுவரைக்கும் தலையில் ஒரு அடியும் படக்கூடாது.

டெனுசன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பின்னேரம் மூன்றரைக்கு ஸ்ட்ரெத்தம் அரங்கில் அவனுக்கு ஒரு பயிற்சி ஆட்டம் இருந்தது. நேற்று அவனே இன்ஸ்டகிராமில் போட்டிருந்தான். அவள் கஸ்பருக்கு அழைத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள். அதே.

உள்ளே போய்க் கைப்பையை எடுத்தாள். "நான் அவர்களின் வீட்டுக்குப் போகிறேன்."

பட்டியல் போவதற்கு முந்திய கிழமையில் ஆட்டக்காரரோடும் குடும்பத்தோடும் பேசக்கூடாது. அது அந்த அலுவலகத்தின் முதல் விதி. கோர்டன் அதை அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. "போனால் உன்னை வைத்திருக்க என்னால் முடியாது," என்று மட்டும் சொன்னார். அதிலே கோபம் இருக்கவில்லை. அவள் படியிறங்கினாள்.

லூயிஷாமிலிருந்து லண்டன் பிரிட்ஜ் வரைக்கும் ரயில், அங்கிருந்து நோர்தர்ன் லைன். கெனிங்டனுக்கு முதல் சுரங்கத்துக்குள் வண்டி நின்றுவிட்டது. இரண்டு மணி பத்து. ஆறு நிமிடம், எட்டு நிமிடம். சிக்னல் இல்லை என்று ஓட்டுநர் அறிவித்தார். எதிரே இருந்த பெண் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அனோஜினிக்கு எழுந்து நின்று கதவைத் தள்ளவேண்டும்போல இருந்தது. பதினான்காவது நிமிடத்தில் வண்டி அசைந்தது. டூட்டிங் பிராட்வேயில் இறங்கி ஓடினாள். சாப்பாட்டுக் கடைகளையும் மரக்கறிப் பெட்டிகளையும் தாண்டி மூன்றாவது குறுக்குத் தெரு. மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

கதவைத் திறந்தவன் டெனுசனேதான். தோளில் பெரிய பை, கையில் இரண்டு தடி.

"அக்கா! வட் ஆர் யூ டூயிங் ஹியர்?"

"அப்பா நிக்கிறாரோ?"

"நித்திரை. காலமை ஷிப்ட்." அவன் முகம் மலர்ந்தது. "லிஸ்ட் வந்திட்டுதோ?"

"இல்லை. உள்ள வா. உன்னோட கதைக்கவேணும்."

சத்தம் கேட்டு கஸ்பர் எழும்பி வந்தார். பஸ் ஓட்டுகிறவர், சீருடைச் சட்டையோடேயே படுத்திருந்தார். "என்ன தங்கச்சி, ஓடியந்த மாதிரி இருக்கு?"

அவள் நின்றபடியே சொன்னாள். வீடியோவில் கண்டதை, தாதி சொன்னதை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல கஸ்பரின் முகம் இறுகியது. டெனுசன் சிரித்தான்.

"நொன்சென்ஸ், அக்கா. ஐம் ஃபைன்."

"பிறகு ஏன் கழுத்தைத் திருப்பினனி?"

"ஹேபிட்."

"மார்ச்சில அந்த ஹேபிட் இருக்கேல்லையே."

கஸ்பர் இடையில் வந்தார். "தங்கச்சி, உம்மை நான் குறை சொல்லேல்லை. ஆனா பத்து வருசமா விடிய நாலு மணிக்கு எழும்பி இவனை ஐசுக்கு ஏத்திக்கொண்டு போனனான். கோயில் முழுக்க இவனுக்காகச் செபிக்குது. இன்னும் மூண்டு கிழமை. இப்ப வந்து கண் எண்டுறீர். ஆரும் உம்மை அனுப்பினவையோ? பிள்ளையைப் பட்டியலில இருந்து தூக்கவோ?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை, கஸ்பர் அண்ணை. நான் வந்ததால என்ர வேலை போயிட்டுது."

டெனுசன் பையைத் தோளில் சரிசெய்து கதவை நோக்கி நடந்தான். "ஐம் லேட்."

"டெனு, நில்," என்றார் கஸ்பர். "என்னைப் பார்."

"அப்பா—"

"என்ர முகத்தைப் பார். கண்ணை அசைக்காத."

கஸ்பர் ஒரு கையால் மகனின் வலக்கண்ணைப் பொத்தினார். மற்றக் கையை அவனுடைய இடக் காதுக்குப் பக்கத்தில் உயர்த்தி, விரல்களை ஆட்டியபடி மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தார். "கை தெரியிறநேரம் சொல்லு." கை கன்னத்தைத் தாண்டியது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. மூக்குக்கு இரண்டு அங்குலம் இருக்கையில்தான் டெனுசனின் இமை துடித்தது.

கஸ்பர் கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு அந்தக் கையாலேயே மகனின் முகத்தைப் பிடித்தார். "எப்ப இருந்து?"

டெனுசனின் தடிகள் சுவரில் சரிந்தன. "பத்து நாள். முதல்ல மின்னல் மாதிரி வந்துது. பிறகு ஓரத்தில கறுப்பா ஒண்டு. கர்ட்டின் மாதிரி. இப்ப கிட்ட வருது." குரல் உடைந்தது. "மூண்டு கிழமைதானே அப்பா. அதுக்குப் பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன்."

"சப்பாத்தைப் போடு," என்றார் கஸ்பர்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கஸ்பரின் கார் கிளாப்பம் சந்தி நெரிசலில் நின்றபோது அனோஜினியின் போன் அடித்தது. கோர்டன். பின்சீட்டில் டெனுசன் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு இருந்தான்.

"நாற்பத்து நான்கா, தொண்ணூறா? அச்சுக்குப் போகமுதல் உன் வாயால் சொல்."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். தலையை மெல்ல ஆட்டி, கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்று காட்டினான்.

"பெயரை எடுத்துவிடுங்கள்," என்றாள் ஆங்கிலத்தில்.

"காரணம்?"

"போடவேண்டாம். அது அவனுடைய விஷயம். சொல்லவேண்டும் என்றால் அவன் சொல்லட்டும்."

"காரணமில்லாமல் எடுத்தால் கழகங்கள் இதைவிட மோசமாக நினைக்கும்."

"தெரியும். ஆனால் இரண்டு இலக்கமும் பொய், கோர்டன். பொய் இலக்கத்துக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்."

கோர்டன் மூச்சை விடுவது கேட்டது. "சரி," என்று வைத்துவிட்டார்.

"ஐல் நெவர் ஃபொர்கிவ் யூ," என்றான் டெனுசன், கண்ணாடியைப் பார்த்தபடி. கஸ்பர் அவனை அதட்டவில்லை. அனோஜினியும் திரும்பவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் அவனை வரிசையில் இருக்கவிடவில்லை. பார்த்த வைத்தியர் இளம் பெண். விழித்திரை பாதிக்கு மேல் கழன்றுவிட்டது, நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது என்றாள். "இன்றைக்கு இவர் விளையாடினாரா?" என்று கேட்டாள். இல்லை என்றார் கஸ்பர். "நல்லது," என்று எழுதிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கஸ்பர் நடைபாதையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ஏழரைக்குச் சத்திரசிகிச்சை. நடுப் பார்வை தப்பியது. இடது ஓரத்தில் கொஞ்சம் திரும்பி வராது என்றார்கள். ஒரு வருடத்துக்கு மோதல் ஆட்டம் கூடாது. அதற்குப் பிறகும் வைத்தியர் விட்டால்தான்.

கோர்டன் சொன்னதைச் செய்தார். அனோஜினியின் ஒப்பந்தம் முடிந்ததாக இரண்டு வரியில் கடிதம் வந்தது. டிராஃப்ட் அன்று அவள் ஃபாரஸ்ட் கேட்டில் தன் வீட்டுச் சமையலறையில் இருந்து போனில் முழுதையும் பார்த்தாள். இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வாசித்தார்கள். டெனுசனின் பெயர் இல்லை. வராது என்று தெரிந்திருந்தும் கடைசிப் பெயர் வரைக்கும் அணைக்கவில்லை.

ஜூலையில் கஸ்பர் அழைத்தார். கிளினிக் நாளன்று அவருக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை, மனைவி கத்தரினுக்கும் வேலை. சொட்டுமருந்து விட்டால் பிள்ளை தனியே வர ஏலாது. "அவன் வேண்டாம் எண்டுதான் சொல்லுறான். நீர் ஒருக்காப் போவீரோ?"

ஆஸ்பத்திரி வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. ரயிலில் அவளுக்கு எதிரே இருக்காமல் பக்கத்தில் இருந்தான், தன் இடது பக்கம் அவளிருக்கும்படி. ஸ்டொக்வெல் தாண்டிய பிறகுதான் கேட்டான்:

"என்னைப் பற்றி ரிப்போர்ட்டில என்ன எழுதினனீங்கள்?"

"எது, ஜூன் மாசத்தையோ? அது போகேல்லை. ஜனவரியில எழுதினதுதான் இருக்கு."

"அதைச் சொல்லுங்கோ."

அவளுக்கு அது மனப்பாடம். "ஸ்கேட்டிங் இந்த வயசில எங்கட பட்டியலில முதல் பத்துக்குள்ள. முடிவு கெதியில எடுப்பான். மூலையில சண்டைக்குப் பின்வாங்கமாட்டான்." பிறகு தடியின் பின்புறத்தால் அடிக்கிற அடிக்கு வந்தாள். "பாக்ஹாண்ட் பலவீனம்."

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்மணி இரண்டும் மருந்தில் விரிந்து கரிக்கட்டைபோல இருந்தன. "பலவீனமோ? பலவீனம் எண்டோ எழுதினனீங்கள்?"

"ஓம்."

"டிசம்பரில ரெண்டு கோல் பாக்ஹாண்டில அடிச்சனான்."

"ஒண்டு எதிராளின்ர காலில பட்டு உள்ள போனது."

"நோ வே! அது நேராப் போனது. உங்களிட்ட வீடியோ இருக்கோ?"

"வேலையே இல்லை, வீடியோ எங்கால?"

"என்னட்ட இருக்கு," என்றான். போனை எடுத்தான். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்துத் தேடினான், முடியாமல் அவளிடம் நீட்டினான். "நீங்களே எடுங்கோ. டிசம்பர் பன்னிரண்டு. மூண்டாவது பீரியட்."

அவள் வாங்கித் தேடத் தொடங்கினாள்.