ஆஸ்பத்திரிக்கு விட்ட இடம்

வைஜயந்தி நகரசபைக்கு ஜெயித்ததே ஆஸ்பத்திரிக்கென்று விட்டிருந்த அந்தக் காலி மனையைக் காட்டித்தான். புனேயிலிருந்து லோணாவளா போகிற ரயில் பாதையோரம் ஒரு சின்ன ஊர். அங்கே தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கிற காலனி. பேருக்குக்கூட ஒரு டாக்டர் கிடையாது. போன வருஷம் எதிர்வீட்டு எஸ்தரின் கணவர் நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏறினவர், ஹைவே நெரிசலிலேயே போய்விட்டார். அந்த எஸ்தர்தான் வெயிலென்றும் பாராமல் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டாள். "எங்க அக்காவுக்குப் போடுங்க, அந்த இடத்துல ஆஸ்பத்திரி வந்துரும்" என்று சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை கட்டிப் போனது.

உள்ளே போன பிறகுதான் சபையின் லட்சணம் வைஜயந்திக்குப் புரிந்தது. அங்கே யார் வாதாடுகிறார்கள்? குமாஸ்தா நம்பரை வாசிப்பார். எல்லோரும் மேஜையைத் தட்டி "மஞ்சூர், மஞ்சூர்" என்பார்கள். ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம். டீ ஆறுவதற்குள் பாதி ஊரின் தலையெழுத்து முடிந்துவிடும். பிடிக்காத விஷயமென்றால் அடுத்த கூட்டம், அதற்கும் அடுத்த கூட்டம். ஆஸ்பத்திரித் தீர்மானத்தை அப்படித்தான் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

அன்று கட்சியின் பெரிய தலை, ஊரே தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிறவர், வராந்தாவில் அவளைப் பிடித்தார். பெண் உறுப்பினர்கள் எல்லோருமே அவருக்குத் தாயி, அதாவது அக்கா.

"தாயி, இன்னிக்கு உங்க விஷயத்தை முடிச்சுடலாம். எழுந்து, 'உபசூசனையோட முன்மொழியறேன்'னு சொல்லிடுங்க. போதும்."

உபசூசனை என்றால் கடைசி நிமிஷத்தில் தீர்மானத்தோடு ஒட்டுகிற திருத்தம். அதை வாசியுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொந்தக் கட்சியையே சந்தேகப்படுகிறாள் என்று பேராகிவிடும்.

ஆனாலும் கேட்டாள். "என்ன திருத்தம் தாதா?"

"சர்வே நம்பர்ல ஏதோ பிசகு. அதைக் கிளறினா அடுத்த மாசம்தான். உங்க இஷ்டம்."

அடுத்த மாசம் என்றதும் அவள் நேரே கூட்டத்துக்குள் போனாள். எழுந்தாள், சொன்னாள். மஞ்சூர், மஞ்சூர். அவளும் கை வலிக்கத் தட்டினாள். வெளியே வந்ததும் முதல் போன் எஸ்தருக்குத்தான்.

போனை வைப்பதற்குள் குமாஸ்தா பக்கத்தில் வந்து பல்லிளித்தார். "மேடம், ஆஸ்பத்திரி இடத்துல வரப்போற ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்குப் பூமிபூஜை எப்போ? அந்தத் திருத்தத்தோட முன்மொழிஞ்சது நீங்கதானே!"

அவள் தாதாவிடம் ஓடினாள். அவர் பேடாவை நீட்டினார்.

"ஏன் தாயி கோபம்? மாடியில டாக்டருக்கு ஒரு ரூம் விடலாம். வாடகைக்கு."

"நான் எதிர்ப்பு எழுதித் தரேன்."

"உங்க தீர்மானத்துக்கு நீங்களே எதிர்ப்பா? ஊர் சிரிக்கும், வேணாம்."

வீட்டுக்கு வந்தால், எஸ்தர் காலனி முழுக்கக் கேசரி கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வாசலில் நிற்கிறாள்.

"வாயத் தொறங்கக்கா, முதல்ல நீங்க சாப்பிடுங்க!"

வைஜயந்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்தர் அழவில்லை.

"யாருமே எதுக்கலியா?"

"இல்ல."

"நீங்க?"

"கேட்டா தள்ளிப் போயிடும்னு பயந்துட்டேன் எஸ்தர்."

"தள்ளிப் போனா போவட்டுமே. இடமாவது இருந்திருக்கும்லா."

எஸ்தர் கேசரித் தட்டை மூடினாள்.

"சரிங்க மேடம், நான் வாரேன்" என்று தெருவைக் கடந்து போனாள்.