மேற்குப் பார்த்த கடை

பக்கவாதம் வந்த பிறகு ராஜப்பனின் முடி காதை மூடி வளர்ந்துவிட்டது. ஊருக்குள் மூன்று மாதத்துக்கு முன்தான் சின்னராஜ் சலூன் திறந்திருந்தான். சனிக்கிழமை லேப் வேலை முடிந்து பஸ் இறங்கிய அவர் மகள் தேவிப்பிரியா, கேட்க வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"ஐயாவுக்கு எதுக்கும்மா சிரமம்? நானே வூட்டுக்கு வந்து வெட்டி உடறன்."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நாலு பேர் பார்க்க அப்பாவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

வீட்டில் ராஜப்பனிடம் சொன்னாள். கோணிய வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அவங்கப்பனும்... இதையேதான்... சொன்னான்."

டீக்கடையில் தனி கிளாஸ் ஒழிந்ததும், காலனி ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்போடு நடந்ததும் ராஜப்பன் போட்ட மனுக்களால்தான். கடைசி மனு சலூனுக்கு. "காலனிக்கே வந்து வெட்டறன், கடைக்கு மட்டும் வேணாம்" என்றார் சின்னராஜின் அப்பா. ராஜப்பன் ஒப்பவில்லை. கலெக்டர் உத்தரவு வந்தது. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு அவர் ஓசூருக்குப் போய்விட்டார். ஜெயித்தவர் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. காலனிப் பையன்கள் இன்றும் முடிவெட்டப் பாலக்கோட்டுக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

தன் நிம்மதியை நினைத்து அவளுக்குக் கூசியது.

ஞாயிறு காலை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். பெஞ்சில் மூன்று பேர்.

"நான்தான் வரன்னு சொன்னனேம்மா," என்றான் சின்னராஜ்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த தர்மன் தலையைத் தூக்கினார். "என்னா லீடரு, மறுக்காவும் மனுவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

தேவிப்பிரியா சின்னராஜிடம் திரும்பினாள். "நாங்க எத்தனாவது ஆளுங்கண்ணா?"

"நாலாவது."

"சரிங்க. இருக்கறோம்."

ஒருவருக்கு போன் வந்தது, போய்விட்டார். இன்னொருவர் சொல்லாமலே எழுந்தார். தர்மன் பேப்பரை நிதானமாக மடித்து வைத்தார். "அப்பறமா வரன்டா சின்னராசு. வருவனான்னு பாக்கலாம்."

பெஞ்ச் காலி. சின்னராஜ் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இருவருமாக ராஜப்பனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தான். கத்தரியை எடுத்தவன், ஏதோ நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டான்.

"வெயிலு கண்ணக் கூசுதும்மா."

கடை மேற்குப் பார்த்தது. காலை ஒன்பது மணிக்கு வெயில் பின்பக்கம்தான் இருந்தது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அப்பாவின் கண்கள் கண்ணாடிக்குள் அந்த ஷட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் அதை மேலே தள்ளினாள். புது ஷட்டர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஏறியது. எதிர் டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். தர்மனும்தான்.

சின்னராஜின் முகம் வெளுத்திருந்தது. அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெட்டுங்கண்ணா," என்றாள்.