குன்றிலிருந்து இறங்கிய கதை

அச்சகத்தில் அவரைக் 'காவியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் மெஷின்காரர். பதினோரு வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித் திரிகிற ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது? நாடு இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பற்றிய நாவல் அது. அதில் இதுவரை எழுதி முடிந்தவை: தலைப்பு, சமர்ப்பணம், பின்னட்டைக் குறிப்பு, பிற்காலத்தில் பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டிய பதில்கள் சில.

சோற்றுக்கு அவர் பார்த்த வேலை புரூஃப் திருத்துவது. மெஷின் ஓடும் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எதிர்ச்சுவரைப் பார்த்துத் திறக்கும் ஒரு ஜன்னல். எதிர் நாற்காலியில் உட்காருகிற பெண் கைப்பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். அவர் புரூஃபில் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போவார். கமா வந்தால் 'கமா' என்பாள், புள்ளி வந்தால் 'புள்ளி', ஆச்சரியக்குறி வந்தால் 'ஆச்சரியம்'. எது வந்தாலும் ஒரே குரல். வாசிக்கிறவர் கருத்துச் சொல்லக் கூடாது. விஷயத்தில் ஏதாவது இடித்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, கேள்வியை எழுத வேண்டும். எழுதியவர் பதிலை எழுத வேண்டும். அப்புறம் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பக்கம் மெஷினுக்குப் போகும். ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் தலைவர் படத்துக்குக் கீழே 'வாராக்கடன்' என்று அச்சாகிப்போன நாளிலிருந்து முதலாளி கொண்டுவந்த சட்டம் இது.

அந்தப் பெண் அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆறு வருஷம் "அண்ணே, அண்ணே" என்று வாய் ஓயாமல் பேசியவள், நாலு மாதமாக அவரை "சார்" என்கிறாள். அதுவும் அவசியப்பட்டால்தான். தேர்தலில் அவளுடைய கட்சி தோற்றது. இரண்டு மாதம் செருப்புத் தேயத் தேய வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்து அலைந்தவள், முடிவு வந்த மறுநாள் வீங்கிய கண்ணோடு வந்து உட்கார்ந்தாள். காவியம் அவளைத் தேற்றினார். "விடும்மா. யாரு வந்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதான்."

"சரிங்க சார்" என்றாள். அன்றைக்கு விழுந்த பூட்டு.

வீட்டிலும் நாடு பிளந்துதான் கிடந்தது. வீட்டோடு இருக்கிற மாமனார் ஒரு கட்சி, காவியத்தின் கூடப்பிறந்த அண்ணன் எதிர்க்கட்சி. அடுத்த தெருவிலேயே இருந்தும் அண்ணன் இந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷம். மாமனார் கேட்டால் "நம்ம கட்சிக்குத்தான் மாமா போட்டேன்" என்பார் காவியம். அண்ணன் கேட்டால் "உனக்குத் தெரியாதாண்ணே?" என்று கண்ணைச் சிமிட்டுவார். இதற்கு நடுநிலை என்று பெயர் வைத்திருந்தார். மனைவி வேறு பெயர் வைத்திருந்தாள்; அதை அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

நாற்பத்து நாலாவது வயதில் அவருக்கு நேரம் வந்தது. ஒரு வாசகர் சங்கத்தின் ஆண்டு மலர் அந்த அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. கட்டுரை தருகிறேன் என்ற அறிஞர் ஒருவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். நாலு பக்கம் காலி. மலராசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது முதலாளி சொன்னாராம்: "நம்மகிட்டயே ஒருத்தர் பதினோரு வருஷமா எழுதறாரு. நாலு பக்கம் தேறாமலா போகும்?"

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. ஒரு நிமிஷம் தாண்டினா பம்ப்செட் விளம்பரத்தப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் மலராசிரியர்.

காவியம் அன்றே நாவலைப் பிழிந்து 'குன்றின் மேல் ஒருவன்' என்று நாலு பக்கத்தில் இறக்கிக் கம்போஸிங்குக்குக் கொடுத்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். "அவனுங்கள நல்லா கிழிச்சிருக்கீங்களா மாப்ளே?" என்று மாமனார் கேட்டார். அண்ணனும் அதையேதான் கேட்டார், 'மாப்ளே' என்பதற்குப் பதில் 'தம்பி' என்று. இருவருக்கும் "படிச்சுப் பாருங்களேன்" என்றார்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவள் கைப்பிரதியை எடுத்துத் தொண்டையைச் செருமினாள்.

"அவன் குன்றின் மேல் நின்றான், புள்ளி. கீழே இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறின, புள்ளி. ஐயகோ, ஆச்சரியம், ஆச்சரியம், ஆச்சரியம். இக்கூட்டத்தில் அவன் மட்டுமே மனிதன், புள்ளி, புள்ளி, புள்ளி."

வங்கி அறிக்கையை வாசிக்கிற அதே குரல். காவியத்துக்கு முதன்முறையாக விரல் வரி தப்பியது. மனசுக்குள் முரசு கொட்டிய வாக்கியங்கள் இங்கே தகர டப்பா மாதிரி ஒவ்வொன்றாக விழுந்து உருண்டன. ஏதோ கேட்க வந்த மெஷின்காரர் கதவருகில் நின்று அரைப் பக்கம் கேட்டார்.

"யாருக்குங்க இரங்கல் செய்தி? நம்ம ஊர் ஆளா?"

"கதைய்யா!" என்றார் காவியம்.

"ஓ" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார் அவர்.

இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வந்தது. எழுதும்போது இதை வாசிக்கப்போகிறவள் யார் என்பது காவியத்துக்கு உறைக்கவே இல்லை. "தோற்கப்போகும் கூட்டத்துக்காக வீடு வீடாகச் சீட்டு சுமந்தாள் ஒரு பேதைப் பெண், புள்ளி. அவளைப் பார்த்து அவன் குன்றின் மேலிருந்து புன்னகைத்தான், புள்ளி." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசிப் புள்ளி வரை வாசித்தாள். பிறகு பென்சிலை எடுத்து இரண்டாம் பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே பொடி எழுத்தில் எழுதி, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

'அந்தப் பெண் வாக்களித்தாள். இரண்டு கூட்டத்தாரும் வாக்களித்தார்கள். குன்றின் மேல் நின்றவர் அன்றைக்கு என்ன செய்தார்?'

காவியம் அதன் அடியில் எழுதினார். பதிலையும் வாசிப்பது வழக்கம். "அது கதைக்குத் தேவையில்லை, புள்ளி" என்று வாசித்தவள் பேனாவை மூடி வைத்தாள்.

"கையெழுத்துப் போடும்மா."

"பதில் வரல சார்."

"எழுதியிருக்கேனே!"

"அது பதில் இல்ல. மழுப்பல்."

"ஓட்டு ரகசியம்மா. யாருகிட்டயும் சொல்லணும்னு சட்டமில்ல."

"யாருக்குப் போட்டீங்கன்னா கேட்டேன்? என்ன பண்ணினீங்கன்னுதான் கேட்டேன்." அவள் தன் ஆள்காட்டி விரலை மேஜைமேல் வைத்தாள். "பூத்துல வச்ச மை எனக்கு நகம் வளர்ந்துதான் போச்சு. உங்க விரல்ல மறுநாள் இருந்தது நம்ம பில் புக்குக்கு நம்பர் குத்தற மை. மூணாம் நாள் சோப்புல போயிடுச்சு. ஆறு வருஷமா அந்த மைய என் சுடிதார்லருந்து துவைக்கறேன் சார், எனக்குத் தெரியாதா?"

காவியம் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருந்தது.

தேர்தல் அன்று அச்சகத்துக்கு விடுமுறை. வீட்டில் ஒரே கூச்சல், அமைதியாக எழுத வேண்டும், போகிற வழியில் ஓட்டுப் போட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, முதலாளியிடம் அச்சகச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். வரிசை நீளமாக இருந்தது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே இந்த அறைக்கு வந்து நாட்டின் பிளவைப் பற்றி யோசித்தார். மத்தியானத்துக்குள் 'அவன் குன்றின் மேல் நின்றான்' என்ற வாக்கியம் பிறந்தது. அந்தக் களைப்பில் காகிதக் கட்டின்மேல் சாய்ந்தவர் கண் விழித்தபோது மணி ஆறரை. நம்பர் மெஷினின் மைப்பட்டையில் விரலைத் தொட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாமனார் அந்த விரலைப் பார்த்துத் தட்டிக்கொடுத்தார். அண்ணனிடம் மறுநாள் அதே விரலைக் காட்டித் தட்டு வாங்கினார்.

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?" என்றார் மெல்ல.

"மறந்துட்டாரு, போகட்டும்னுதான் விட்டேன். ஆனா அழுதுட்டு வந்தவகிட்ட, எதுக்குமே போடாத ஆளு, அந்த விரல ஆட்டி ஆட்டி 'ரெண்டும் ஒண்ணு'ன்னு சொன்னீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

"இத எழுதினா எங்க வீட்டுல என்ன நடக்கும் தெரியுமா? மாமனார்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், அண்ணன்கிட்ட ஒண்ணு."

"அப்ப விட்டுடுங்க. பம்ப்செட்காரர் காத்துக்கிட்டிருக்காரு."

மணி மூன்று. அவளுடைய கையெழுத்தைத் தானே போட்டுவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. நேர்மை குறுக்கே நின்றதாகச் சொல்ல முடியாது. கோழி கிளறியது போன்ற அந்தக் கையெழுத்து அவருக்கு வராது. எழுதாவிட்டால் வீட்டில் நிம்மதி. அச்சில் பெயர் இல்லை. எழுதினால் பெயர் உண்டு. அதோடு வீட்டுக்குப் போக வேண்டும். பெரிய எழுத்தாளர்கள் உண்மைக்காக எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். தான் எழுதப்போவது பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் என்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் என்னவோ தோளில் கிடந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

குன்றை அடித்தார். ஐயகோவை அடித்தார். பேதைப் பெண்ணை அடித்துவிட்டு, வெறும் பெண் என்று போட்டார். வரிசை நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்த் தூங்கிய ஒருவனைப் பற்றி எழுதினார். விரலில் மை வைத்துக்கொண்டதை எழுதினார். அந்த விரலோடு இரண்டு வீட்டில் பாராட்டு வாங்கியதை எழுதினார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் நடக்காத வேகம்.

கம்போஸிங்கிலிருந்து புரூஃப் வந்தபோது நாலே கால். மொத்தம் ஒன்றரைப் பக்கம். அவள் வாசித்தாள். கமா, புள்ளி எல்லாம் சொன்னாள். ஆச்சரியம் மட்டும் எங்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெஷின்காரர் இந்தத் தடவை கதவில் சாய்ந்து கடைசிவரை நின்றார்.

"மாமனாருக்குத் தெரிஞ்சுதா? அப்புறம் என்னாச்சு?" என்றார்.

காவியத்தின் எழுத்தைக் கேட்டு 'அப்புறம்' என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கையெழுத்துப் போட்டாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"வாசிக்கிறவ கருத்துச் சொல்லக் கூடாது." கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுங்கறத கடைசியில அப்படியே விட்டு வச்சிருக்கீங்க."

"அது என் கருத்தும்மா. இன்னமும் எனக்கு அப்படித்தான் தோணுது."

"தோணட்டும். நான் ஒத்துக்க மாட்டேன். கருத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட முடியாது."

மிச்சம் இரண்டரைப் பக்கத்தில் பம்ப்செட் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலர் வீட்டுக்கு வந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு காவியத்தின் அண்ணனுக்குப் போன் போட்டார். "தம்பி, நான்தான் பேசறேன். ஆமா, நானேதான். உன் தம்பி பண்ணின காரியத்தப் படிச்சியா? கிளம்பி வா."

பத்தாவது நிமிஷம் அண்ணன் கையில் சுருட்டிய மலரோடு வந்து, மாமனாருக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். எதிரே ஸ்டூலில் காவியம். மனைவி இரண்டு தம்ளர் டீ கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"என்கிட்ட உங்க கட்சிக்குப் போட்டேன்னு சொல்லவே இல்லயே மாமா! எங்க கட்சின்னுல்ல சொன்னான்!" என்றார் அண்ணன்.

"என்கிட்ட விரல நீட்டிக் காமிச்சாருப்பா. நான் வேற தட்டிக் குடுத்தேன், மடையன்." மாமனார் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "நான் சொல்றேன் கேளு தம்பி. உங்க கட்சிக்காவது போட்டிருந்தா நான் பொறுத்துக்கிட்டிருப்பேன்."

"அதேதான் மாமா நானும் சொல்றேன். உங்களுக்காவது போட்டிருக்கலாமே!"

இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி, ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். காவியம் தலையைக் குனிந்தபடியே சட்டைப்பையைத் தடவினார். பேனா இருந்தது. காகிதம்தான் இல்லை.

"மாமா," என்றார் பணிவாக, "அண்ணன்கிட்ட இப்ப சொன்னீங்களே, அத இன்னொரு தடவ நிதானமாச் சொல்றீங்களா?"