லவினியா டின்ஸ்லி ஏன் அசைந்தாள்

பிப்ரவரி வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் பாடம் நடக்கிறதோ இல்லையோ, ஒத்திகை நடக்கும். கறுப்பர் வரலாற்று மாதம். பேண்டு வாசிப்பவர்கள் புல்வெளியைப் பிடித்துக்கொள்வார்கள். காலால் தாளம் போட்டு ஆடும் குழுக்கள் படிக்கட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருப்பவர்கள் உணவுக்கூடத்தில் பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டே யார் ஆட்டம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வார்கள். நான் மூன்றாவது கூட்டம்.

அந்த வருடம் விழாப் பொறுப்பு இறுதியாண்டு ரனெல்லுக்கு. நூலக வாசலில் 1878-ல் எடுத்த படம் ஒன்று தொங்குகிறது. கல்லூரியின் முதல் மாணவர்கள் ஒன்பது பேர். எல்லோருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். 1865-ல் விடுதலை கிடைத்த பிறகு அலபாமாவின் மூலை முடுக்குகளிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள். அந்த ஒன்பது பேரையும் மேடையில் நிறுத்துவது ரனெல்லின் திட்டம். வேஷம் போட்டவர்கள் படத்தில் இருப்பதுபோல் அசையாமல் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் வந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும்.

சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் வகுப்பு டெமேரியஸுக்குப் பிற்காலத்தில் பிஷப் ஆனவர் கிடைத்தார். என் அறைத்தோழி ஜொவெட்டாவுக்கு ஒன்பதாவது ஆள், பின்வரிசை ஓரத்தில் நிற்கும் பெண். படத்தில் அவள் உடுப்பும் கைகளும் தெளிவாக இருக்கும். முகம் மட்டும் கலைந்து புகையாகத் தெரியும். கீழே எட்டுப் பெயர்கள், அதற்குப் பிறகு "பெயர் தெரியவில்லை."

"மூஞ்சியும் இல்ல, பேரும் இல்ல. நான் போய் என்னத்தப் பேசுறது?" என்றாள் ஜொவெட்டா.

"ஒண்ணும் பேச வேணாம். பேரில்லாமப் போனவங்க எல்லாருக்காகவும் ஒரு நிமிஷம் மௌனமா நில்லு. உருக்கமா இருக்கும்," என்றாள் ரனெல்.

"நான் ஒரு நிமிஷம் பேசாம இருந்து நீ என்னைக்காவது பாத்திருக்கியா?"

"கவலப்படாத பிள்ளாய். பிஷப் உன் வாய்க்காக ஜெபம் பண்றேன்," என்றான் டெமேரியஸ்.

மறுநாள் காலை ஜொவெட்டா என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்தின் அடித்தளத்துக்குப் போனாள். பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் கோல்பர்ட்டிடம் அந்த வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டாள்.

"அது தீ விபத்துல போயிடுச்சு கண்ணு. மதிப்பெண், பரிசு, பாராட்டு, எல்லாம் போச்சு. தண்டனைப் பதிவேடு மட்டும் இருக்கு," என்றார் அவர்.

"நல்லதெல்லாம் எரிஞ்சு, தப்பு மட்டும் தப்பிச்சிருக்கா?"

"நம்ம கதை எப்பவும் அப்படித்தானே."

பதிவேட்டைத் திறந்தோம். முதல் பக்கத்திலேயே, படத்தின் கீழே இல்லாத ஒரு பெயர்: லவினியா டின்ஸ்லி, வயது இருபத்தைந்து. ஜெபக் கூட்டத்தில் சிரித்தாள். தையல் வகுப்பில் சிரித்தாள். முதல்வரின் புதுத் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இஸ்திரி வேலை. நாலாவது பக்கத்தில், ஏப்ரல் ஒன்பதாம் தேதி: "படம் பிடிக்க நின்றபோது சிரித்து, தலையை ஆட்டி, தகட்டைக் கெடுத்தாள். மூன்று நாள் சலவை."

ஜொவெட்டா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அந்தக் காலத்துப் படப்பெட்டியின் முன்னால் சில நொடி அசையாமல் நிற்க வேண்டும், தலை ஆடினால் முகம் கலைந்துவிடும்.

"பன்னெண்டு வயசு வரைக்கும் இவள இன்னொருத்தன் சொத்துன்னு எழுதி வெச்சிருந்தாங்க," என்றாள். "இங்க வந்து நிக்கிறா. சிரிப்பு அடக்க முடியல அவளுக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல் பக்கத்தைத் திருப்பினேன்.

ரனெல்லுக்குப் பெயர் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். தண்டனைதான் பிடிக்கவில்லை. "முன்வரிசையில கல்லூரித் தலைவர் உக்காந்திருப்பாரு, பழைய மாணவர்கள் வருவாங்க. பேரச் சொல்லு, அந்த வரியப் படி, திரும்பி வந்துரு. சிரிக்கக் கூடாது," என்றாள். ஜொவெட்டா சத்தியம் செய்து கொடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் அரங்கம் நிறைந்துவிட்டது. ஒன்பது பேரும் சிலைபோல் நின்றார்கள். ஏழு பேர் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லி முடித்தார்கள். எட்டாவதாக டெமேரியஸ் முன்னால் வந்து, "சத்தியம் ஒன்றையே இந்த உதடுகள் பேசும்," என்று கையை உயர்த்தினான். ஒட்டுமீசையின் ஒரு பக்கம் பிரிந்து வாயின் குறுக்கே தொங்கியது. அவன் ஊதினான். அது மேலே போய் மறுபடி கீழே வந்தது. முழுப் பேச்சையும் ஊதி ஊதியே முடித்தான்.

பின்னால் ஜொவெட்டாவின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். அவள் முறை வந்தது. முன்னால் வந்தாள்.

"என் பேர் லவினியா—"

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரங்கில் சத்தமே இல்லை. ரனெல் நிகழ்ச்சி நிரல் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜொவெட்டா மூச்சு வாங்கியபடியே தண்டனைப் பட்டியலை முதலிலிருந்து சொன்னாள்: ஜெபம், தையல், தொப்பி, படம். தொப்பி வந்த இடத்தில் முன்வரிசையில், பெரிய ஊதாத் தொப்பி அணிந்த ஒரு பழைய மாணவி களுக்கென்று சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. கல்லூரித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிரி கண்ணு, அவளுக்கும் சேத்து நல்லா சிரி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜொவெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இத்தன வருஷமா இவள யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல. நீங்க ஒரு தடவ கூப்பிடுங்க."

அரங்கம் முழுவதும் கூப்பிட்டது. லவினியா டின்ஸ்லி. நானும் கூப்பிட்டேன்.

ரனெல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள். ஆனால் திங்கட்கிழமை காலை அடித்தளப் படிக்கட்டில் வரிசை நின்றது. எல்லோருக்கும் தண்டனைப் பதிவேட்டில் தங்கள் ஆள் என்ன செய்தார் என்று தெரிய வேண்டும். மிஸ் கோல்பர்ட் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டெமேரியஸ் தன் பத்து நிமிடத்தை முடித்துவிட்டு, முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு மேலே ஓடிவந்தான்.

"பிஷப் சமையலறையில சக்கரவள்ளிக் கிழங்கு திருடியிருக்காருடி. ஒரு தடவ இல்ல, ஆறு தடவ."