உலைத்தொட்டித் தண்ணீர்

மலைக்கோயில் தேருக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான். ஓசூர் பஸ் நிலையத்தில் ஜட்கா வண்டி ஓட்டும் கிருஷ்ணப்பன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அவனுடைய குதிரை செவ்வந்தி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பளபளவென்றிருந்த மேனி வெளுத்துவிட்டது. தேருக்குள் தேறாவிட்டால் விற்றுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தான். சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கால்நடை டாக்டர் ஜான்பீட்டர் குதிரையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். மஞ்சள் பூத்திருந்தது.

"என்னாப்பா போடற?"

"பெங்களூர் மூட்டைத் தீனிங்க, ஏரிக்கரைப் புல்லு. அப்புறம் கொல்லரு இரும்பு முக்கற தொட்டித் தண்ணி, ரெண்டு சொம்பு. ரத்தம் ஊறும்னு எங்க ஆளுங்க எல்லாரும் குடுக்கறதுதாங்க. தேறலேன்னு இந்த மாசம் நாலாக்கிட்டேன்."

டாக்டர் மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"இதுலயே இரும்பு சேத்திருக்கான். புல்லுலயும் இருக்குது, ஒட்டியிருக்கற செம்மண்ணுல வேற. அதுக்கு மேல தொட்டியையே ஊத்தற. நீ வளக்கறது குதிரையா, கடப்பாரையா? மிஞ்சின இரும்பு ஈரல்ல தங்கிடும்பா."

"மருந்துங்க?"

"தொட்டித் தண்ணியையும் மூட்டையையும் நிறுத்தறதுதான் மருந்து. அளவா கொள்ளு போடு. புல்ல அலசிப் போடு. மிச்சத்த ஆண்டவர் பாத்துப்பாரு."

அவனுக்கு ஏரிக்கரைப் புல் அறுத்து விற்கும் பூவம்மாள் கட்டோடு வந்து இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் முதல் அவள் தலைச்சுமையிலிருந்து நீர் சொட்டியது. புடவை தோள்வரை நனைந்திருந்தது.

"உன்ன யாரு அலசச் சொன்னது?"

"வண்டிய விட்டுட்டு நீ எங்க போயி அலசுவ? வாங்கிக்கண்ணா. குதிரைக்குத்தான், உனக்கில்ல."

கிருஷ்ணப்பன் தினமும் இமையை விலக்கிப் பார்த்தான். இருபது நாளில் மஞ்சள் மங்கியது. ஆனாலும் செவ்வந்தி ஒரு தடவைகூடக் கனைக்கவில்லை.

தேரன்று காலை மலைமேல் மேளம் கொட்டியது. குதிரையின் காது சட்டென்று விறைத்தது. முன்காலால் தரையைக் கீறிவிட்டு, புறாக்கள் எழும்ப ஒரு கனைப்புக் கனைத்தது. கிருஷ்ணப்பன் ஓடிப்போய் வாரைப் பூட்டினான்.

சவாரிக்கு ஆள் நெருக்கியடித்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூவம்மாளைப் பிடித்தான்.

"ஏறும்மா. முதல் சவாரி உனக்கு."

"எனக்கா? ஜட்காவுல நான் எந்தக் காலத்துல ஏறினேன்?"

தன் புல்கட்டை வண்டி மேலே வைக்கப் போனாள். செவ்வந்தி கழுத்தை வளைத்து அதிலிருந்து ஒரு வாய் பறித்துக்கொண்டது.

"பாத்தியா, வாடகைய வாங்கிடுச்சு," என்றாள் பூவம்மாள்.

கிருஷ்ணப்பன் மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு, அவள் கவனிக்காதபோது, அந்த ஈரப் புல்கட்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாட்டையை எடுப்பதற்குள் செவ்வந்தி கிளம்பிவிட்டது.