வலது கையின் ஓசிச் சவாரி

கட்டடச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. மாஸ்டர் இறங்கவில்லை. சலூன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து இடது கையால் எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"குடுத்துட்டு வா. கடையக் காலி பண்றோம்னு சொல்லிடு."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"குடுத்தியா?"

"ம்."

அந்த ஒற்றை எழுத்தோடு இருபத்தாறு வருடக் கடை முடிந்துபோனது. டாக்சி ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கிளம்பியது. மாஸ்டர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். நடக்கும் எதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அது பாட்டுக்குக் கிடந்தது.

பக்கவாதம் வந்ததும் கடையில் வைத்துத்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவருக்கு இடப்பக்கம் வெட்டி முடித்து வலப்பக்கம் போனபோது கத்தரி நழுவிக் கீழே விழுந்தது. அடுத்து மாஸ்டரும் விழுந்தார். கழுத்தில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், பாதி வெட்டிய தலையோடு, மாஸ்டரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார் அந்தப் புண்ணியவான். உயிர் பிழைத்தது. கோணிய வாய் நேரானது, கால் நடந்தது. கத்தரி பிடிக்கிற கை மட்டும் வரவே மாட்டேன் என்றது.

ஆஸ்பத்திரி தூரம் என்பதால் மாதம் ஒருமுறை நேரில் வந்தால் போதும், மற்ற நாளெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பயிற்சி செய்யுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லி அனுப்பியிருந்தார். வீடியோவில் ஒரு பெண் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். மடித்த துண்டின் மேல் ஒரு கை, அந்தக் கையின் மேல் மறு கை. துண்டை முன்னால் தள்ளுவாள், பின்னால் இழுப்பாள், தள்ளலுக்குத் தள்ளல் "அருமை! ரொம்ப அருமை!" என்பாள். மாஸ்டரின் மனைவி அவளுக்கு 'அருமையக்கா' என்று பேரே வைத்துவிட்டாள்.

மாஸ்டருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "நான் இன்னும் கைய மேசையிலயே வெக்கல. அதுக்குள்ள என்ன அருமை வேண்டிக்கிடக்கு?" என்று முதல் நாளே வீடியோவின் வாயை அடைத்துவிட்டார். அதன்பிறகு படம் மட்டும் ஓடும். எண்ணிக்கையை மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள். காலை, மதியம், மாலை, வேளைக்கு முப்பது. ஒரு நாள் தவறவில்லை. இந்த விஷயத்தில் மாஸ்டரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒரு மாதம் ஓடியும் விரலில் ஓர் அசைவு இல்லை. இனி வராது என்று முடிவு கட்டித்தான் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

பிசியோதெரபிஸ்ட் சின்ன வயதுப் பெண். அழுத்திப் பிடித்தால் எண் காட்டும் கருவியை மாஸ்டரின் கையில் வைத்துப் பார்த்தார். வலது கை போன மாதம் காட்டிய இடத்திலேயே நின்றது. எண் எகிறியிருந்த இடது கையை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

"ஏம்மா, இடது கைக்கு மட்டும் தனியா சத்துணவு ஏதாவது போடுறீங்களா?" என்று மனைவியைக் கேட்டார். பிறகு மாஸ்டரிடம், "எப்படிப் பண்றீங்கன்னு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார்" என்றார்.

போனை மேசையில் சாய்த்து வைத்தார்கள். அருமையக்கா சத்தமில்லாமல் தள்ள ஆரம்பித்தாள். மாஸ்டர் இடது கையைத் துண்டின் மேல் வைத்தார். வலது கையைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தார். துண்டு வழுக்கிக்கொண்டு போனது, வந்தது.

பிசியோதெரபிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சார், எந்தக் கை கீழ இருக்கு?"

"அந்தம்மா எந்தக் கைய வெச்சிருக்காங்களோ அந்தக் கைதான். அவங்க கை இந்தப் பக்கம், என் கையும் இந்தப் பக்கம்."

"அது கண்ணாடி இல்ல சார். அவங்க உங்களுக்கு எதிர்ல உக்காந்திருக்காங்க. கீழ இருக்கறது அவங்க வலது கை."

இருபத்தாறு வருடம் கண்ணாடியைப் பார்த்தே வகிடு எடுத்தவர், கண்ணாடியைப் பார்த்தே கிருதாவைச் சரிசெய்தவர், வாடிக்கையாளரிடம் வம்பளப்பதைக்கூடக் கண்ணாடியைப் பார்த்தே செய்தவர் மாஸ்டர். எதிரே ஒரு முகம் தெரிந்தால் அவருக்கு அது கண்ணாடிதான். வேறு யாராவது செய்திருந்தால் இதற்குப் பேர் அசட்டுத்தனம். மாஸ்டர் செய்ததால் தொழில் சுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் வீடியோவை முதலிலிருந்து சத்தத்தோடு வைத்தார். "பாதிக்கப்பட்ட கை கீழே, துண்டின் மேல். நல்ல கை மேலே, துணைக்கு மட்டும்." மாஸ்டர் வாயை அடைத்த அந்த முதல் 'அருமை'க்கு அடுத்த வாக்கியமே அதுதான்.

"அப்போ இந்த ஒரு மாசமா..."

"உங்க வலது கை ஓசியில சவாரி போயிருக்கு சார். இடது கைதான் மாடா உழைச்சிருக்கு."

மாஸ்டருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ நிம்மதி. மூச்சு முட்டுகிற அளவுக்கு நிம்மதி. கை தோற்றுவிட்டது என்று ஒரு மாதம் மருகியிருக்கிறார். கை இன்னும் பரீட்சை எழுதவே போகவில்லை! சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையை மாற்றி வைத்தார்கள். வலது கீழே, இடது மேலே. பத்துத் தடவை தள்ளியபின், "இப்போ மேல இருக்கற கைய மெதுவா எடுங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். மாஸ்டர் எடுத்தார். துண்டு நின்றுவிட்டது. தோள் நடுங்கியது, நெற்றி வியர்த்தது. அப்புறம் துண்டு நகர்ந்தது. இரண்டு விரல்கடை இருக்கும்.

"நான் தொடல!" என்று பிசியோதெரபிஸ்ட் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "கத்தரி பிடிப்பீங்கன்னு இன்னைக்கே சொல்ல மாட்டேன் சார். மாசக்கணக்கு ஆகும். ஆனா கை வேலைக்கு வந்துடுச்சு."

அப்போதுதான் மாஸ்டருக்கு நினைவு வந்தது. "ஐயோ, சாவி! காலைலதானே குடுத்தோம்!"

மனைவி கைப்பையைத் திறந்தாள். சாவியை எடுத்து, மேசையில் துண்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"குடுத்துட்டேன்னியே?"

"எங்க சொன்னேன்? 'ம்'னேன். உள்ள போய்த் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அவங்க மூட்டுவலிய விசாரிச்சிட்டு வந்துட்டேன்."

மாஸ்டர் பழக்கத்தில் இடது கையை நீட்டினார். அவள் சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அந்தக் கைக்கு இல்ல. அது ஒரு மாசமா ரெண்டு கை வேலையப் பாத்திருக்கு, பாவம். உக்காரட்டும்."

வலது கை கிளம்பியது. மனைவி எண்ணினாள். கை கொஞ்சம் போனது, நின்றது, மறுபடி போனது. இருபத்துமூன்று என்று அவள் எண்ணியபோது துண்டின் ஓரம் சாவியில் இடித்தது. சாவி மேசையை உரசிக்கொண்டு நகர்ந்தது.

யாரும் நிறுத்தாமல் விட்ட போனில், "அருமை! ரொம்ப அருமை!" என்றாள் அருமையக்கா.

"ஆங், இப்ப சொல்லு" என்றார் மாஸ்டர்.