போகவிடாத பூட்டு

மாரிக்கனியின் சைக்கிள் பூட்டு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஆறு ஆண்களைப் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒருவன்தான் திருடன். அன்று தக்காளி விலை இறங்கியிருந்ததால் தெருவில் நல்ல கூட்டம்.

மாரிக்கனி பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரே வருஷத்தில் அவளுடைய இரண்டு சைக்கிள்கள் களவு போயிருந்தன. மூன்றாவதை வாங்கியதும் அதைத் தெருவில் இறக்காமல் வீட்டுக்குள் கட்டில் காலோடு கட்டிப் போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்திலிருந்த பிச்சை முகம்மதுவின் கடைக்குப் பூட்டு வாங்கப் போனாள். அவர் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டார். "வயர் பூட்டை பிளேடு வச்சு அறுத்துருவான் தாயி. செயின் செத்த நேரம் தாங்கும். இந்த வளைஞ்ச இரும்பு நல்லது. ஆனா சக்கரத்த மட்டும் பூட்டாத, நடு பாரையும் சேத்து கம்பத்தோட பூட்டு." அவளுக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. தொட்டவன் போகக் கூடாது பாய் என்றாள். பிச்சை முகம்மது அவள் முகத்தைப் பார்த்தார். "சைக்கிள் போகாம இருக்கணுமா, திருடன் போகாம இருக்கணுமா? ரெண்டும் வேற வேற பூட்டு." திருடன்தான் என்றாள். அவர் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து கறுத்த சங்கிலிப் பூட்டு ஒன்றைச் சாவியோடு இறக்கி, தாளில் சுற்றாமல் அப்படியே கொடுத்தார். கொடுத்த பிறகு கையைக் கழுவிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து இசக்கிமுத்து, சைக்கிள்களைத் திருடி தளவாய்புரத்தில் விற்பவன். அந்தச் செவ்வாய்க்கிழமை மாரிக்கனி சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டியிருந்த சங்கிலியில் அவன் கை வைத்ததும் அது சைக்கிளை விடாமல், கம்பத்திலிருந்து மட்டும் தானாகக் கழன்று அவனுடைய வலது மணிக்கட்டில் பூட்டிக்கொண்டது. மாரிக்கனி காய் வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, திருடன் திருடன் என்று சத்தம் போட்டாள். முதலில் ஓடிவந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மொக்கைச்சாமி. அவர் ஓங்கி அறைந்ததில் இசக்கிமுத்துவின் பல் ஒன்று தக்காளிக் கூடையில் விழுந்தது. சங்கிலி ஒரு முழம் வளர்ந்து மொக்கைச்சாமியின் கையையும் சுற்றிக்கொண்டது. கறிக்கடைக்காரர் உதைத்தார், அவர் கணுக்காலைப் பிடித்தது. அடித்தால் சங்கிலி பிடிக்கும் என்று அந்த இரண்டு பேருக்கும் முன்கூட்டித் தெரியாது. மூன்றாமவருக்குத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டே அடித்தார். நான்காமவரும் ஐந்தாமவரும் அப்படியே.

பிடிபட்ட பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு கை மாட்டியிருந்தால் மறு கை சும்மா இருந்தது. இசக்கிமுத்து அந்த வருஷம் ஊரில் காணாமற்போன சைக்கிள்கள் அத்தனையையும் தானே எடுத்ததாக ஒப்புக்கொண்டான். அடி நிற்காததால், அவன் பிறப்பதற்கு முன்னால் தொலைந்தவற்றையும் ஒப்புக்கொண்டான். மாரிக்கனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சாவியைப் போட்டுத் திருகினாள். சாவி கூழில் விட்ட கரண்டி போலச் சுற்றியது, பூட்டு திறக்கவில்லை. "அடிக்காதிய, செத்துப் போவான்! எஞ் சைக்கிள்தான, எனக்கு வேண்டாம், விடுங்க!" என்று கத்தினாள். "நீ தள்ளிப் போ ஏட்டி, இது இனி ஊர்க் காரியம்" என்றார் மொக்கைச்சாமி. பட்டறையிலிருந்து கேஸ் கட்டர் வந்தபோது இசக்கிமுத்து அவருடைய காலடியில் இறந்து கிடந்தான். கட்டரின் நெருப்பு பட்டும் சங்கிலி சூடேறவில்லை.

போலீஸ் கொலை வழக்குப் பதிந்தது; சங்கிலியிலிருந்து பிரிக்க முடியாததால் யாரையும் லாக்கப்பில் அடைக்கவில்லை. உடற்கூறு பரிசோதனை நடந்தபோது ஐந்து பேரும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி கதவுக்கு அடியில் உள்ளே போயிருந்தது. பிணத்தை ஏற்ற வந்த வண்டியில் அவர்களுக்கும் சைக்கிளுக்கும் இடம் போதவில்லை. ஆகவே அடித்தவர்களே தோளில் தூக்கிக்கொண்டு, ராஜபாளையத்திலிருந்து மடவார் வளாகம் வரை நடந்தார்கள். சைக்கிளை மாரிக்கனி உருட்டிக்கொண்டு போனாள். வழியில் கடைக்காரர்கள் ஒரு பக்கக் கதவைச் சாத்தி மரியாதை செய்தார்கள். யாருக்குச் செய்த மரியாதை என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இசக்கிமுத்துவின் மனைவி கார்த்திகா பிணத்தின் முகத்தைப் பார்த்து அது தன் புருஷன்தான் என்று உடனே சொல்லவில்லை. காலைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அடுப்படியிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கி வந்து மொக்கைச்சாமியின் தலைக்கு நேரே ஓங்கினாள். அவர் குனியவில்லை. சங்கிலி தரையில் அசைந்து அவள் கால் பக்கம் திரும்பியது. மாரிக்கனி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் தாயி. ஒன்னையும் புடிச்சிக்கிடும்."

கார்த்திகா நெடுநேரம் குழவியை இறக்கவில்லை. பிறகு இறக்கி வைத்துவிட்டு மாரிக்கனியைப் பார்த்தாள். "நீதான சத்தம் போட்டவ?"

"ஆமா."

"அவரக் கழட்டு."

இந்த முறை சாவி திரும்பியது. இறந்தவனின் கையை மட்டும் சங்கிலி விட்டது. மற்ற ஐந்து பேரும் தங்கள் கைகளையும் கால்களையும் இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கினார்கள். "சைக்கிள வச்சிட்டுப் போ. சாவியையும்" என்றாள் கார்த்திகா. மாரிக்கனி இரண்டையும் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அதன் பிறகு அவள் எந்த வண்டியும் வாங்கவில்லை.

காரியம் முடிந்ததும் கார்த்திகா கிருஷ்ணன்கோவில் பக்கத்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் சைக்கிளை எடுத்து மிதித்தால் ஐந்து பேரும் பின்னால் ஓடினார்கள். அவள் ஷிப்ட் முடியும் வரை மில் வாசலில் சைக்கிள் நின்ற வேப்பமரத்தடியில் இருந்தார்கள். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்கள். முதல் வருஷம் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக் கடித்துக் குதறினார்கள். கறிக்கடைக்காரர் ஒரு காதை இழந்தார். இரண்டாவது வருஷம் பேச்சு நின்றது. வழக்கு விசாரணைக்கு அவர்கள் வர வேண்டுமென்றால் கார்த்திகா லீவு போட்டுச் சைக்கிளில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு லீவு எளிதில் கிடைப்பதில்லை என்பதால் வழக்கு இன்னும் நடக்கிறது.

கல்லூரி பஸ்களில் போகும் பிள்ளைகள் ஆரம்பத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். இப்போது யாரும் போனிலிருந்து நிமிர்வதில்லை. மேட்டில் ஏறும்போது மொக்கைச்சாமிக்கு மூச்சு வாங்கும். "தாயி, செத்த நேரம் நின்னு போவமா?" என்பார். கார்த்திகா பிரேக் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் ஒரு காலை ஊன்றி நிற்பாள். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். ஐந்து பேரும் ஒற்றை வரிசையாக ஓரம் ஒதுங்கி வழி விடுவார்கள்.